குத்துவிளக்கின் அடியில் ஒரு மைக்

அன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு மண்டபத்துக்குள் இருந்தவர்கள் எட்டுப் பேர். நான். என் மனைவி. மண்டபத்து முதலாளி. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த அவருடைய மகன். மகனோடு வந்திருந்த மூன்று வெள்ளைக்காரர்கள்: வயலின் வாசிக்கிற பெண், தாடிக்காரர், கிட்டார் வாசிக்கிற உயரமான ஆள். எட்டாவது, மண்டபத்து மேனேஜர். பூ அலங்காரம் செய்தவர்கள் அதற்கு முன்பே வேலையை முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். சமையல்காரர்கள் பின்கட்டில் இருந்தார்கள். அங்கிருந்து மேடை தெரியாது. பிற்பாடு ஒரு நாள் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

இந்த எட்டுப் பேரையும் மனதுக்குள் எத்தனை தடவை வரிசையாக நிறுத்தி வைத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு நான் யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்தேன். யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு செய்தேன். என்னைக் கழித்தால் ஏழு பேர். அந்த ஏழு பேரில் யார் அதைப் பார்த்தார்கள் என்பதுதான் ஒன்றரை மாசம் என்னைச் சாப்பிட விடாமல் செய்தது.

சங்கரன்கோவிலில் மைக் செட் வாடகைக்கு விடுவது என் தொழில். ஏழாம் வகுப்பில் பாதியில் நின்றவன். தென்னை மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவதற்கு ஆள் வேண்டும் என்று ஒரு செட்டுக்காரர் கூட்டிக்கொண்டு போனார்; பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. அன்றிலிருந்து இதுதான். இப்போது என்னிடம் ஸ்பீக்கர் பாக்ஸ் இருக்கிறது, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் இருக்கிறது, பதினாறு மைக் இருக்கிறது. கூட வேலை செய்ய ஆள் வைத்துக் கட்டுப்படியாகவில்லை. என் மனைவிதான் ஒயர் இழுப்பாள், கணக்குப் பார்ப்பாள், நான் பூட்டிய பூட்டை மூன்றாவது தடவை இழுத்துப் பார்க்கப் போனால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவாள்.

எனக்குப் பயம் அதிகம். பயத்துக்குக் காரணமும் உண்டு. போன வருஷம் கரிவலம்வந்தநல்லூரில் ஒரு கல்யாணம். தாலி கட்டுகிற நேரத்தில் என் செட் விசில் அடித்துவிட்டது. மைக்கும் பாக்ஸும் ஒன்றை ஒன்று பார்த்துவிட்டால் அப்படி ஊளையிடும். மாப்பிள்ளை திடுக்கிட்டு மஞ்சள் கயிற்றைக் கை நழுவவிட்டார். மடியில்தான் விழுந்தது, தரையில் இல்லை. ஆனாலும் அந்த வட்டாரத்தில் அதற்குப் பிறகு என்னை யாரும் கூப்பிடவில்லை. போதாததற்கு ராஜபாளையம் ரோட்டில் ஒரு டி.ஜே.க்காரன் புதிதாக வேன் போட்டிருந்தான். அடுக்கடுக்காக பாக்ஸ், கலர் லைட், புகை. கல்யாணப் பையன்கள் எல்லாம் அவன் பக்கம் போய்விட்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் மண்டபத்து முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். ஊரில் நாற்பது தறி ஓட்டுகிறவர். கழுகுமலை ரோட்டில் இருக்கிற மண்டபம் அவருடையது. ஆவணியில் அவருக்கு அறுபதாம் கல்யாணம்.

"காலையில ஐயர் மந்திரத்துக்கு ஒரு மைக்கு. சாயந்திரம் எம் மவன் கச்சேரி. நல்லபடியா முடிச்சுக் குடும், வே. பெறவு மண்டபத்துக்கு நெரந்தரமா உம்ம செட்டையே போட்டுருவோம். வாரவன் போறவன்லாம் வேன கொண்டாந்து நிறுத்தி எடத்த அடைக்க வேண்டாம்."

நிரந்தரமாக என்றால், அந்த மண்டபத்தில் நடக்கிற ஒவ்வொரு விசேஷமும் எனக்கு. வாடகை ஒன்பதாயிரம் பேசி, இரண்டாயிரத்து ஐந்நூறு அட்வான்ஸ் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள், "நல்ல காரியந்தான. ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"இவ்வளவு பெரிய மனுசன் அந்த டி.ஜே.க்காரன விட்டுட்டு என்னைய எதுக்குக் கூப்பிடுதாரு?"

"வாடகை கொறச்சலுன்னு கூப்பிடுதாரு. போயி ஒயர எண்ணுங்க."

எங்கள் தொழிலில் வாடகை மைக் கணக்கு, பாக்ஸ் கணக்கு. நாலு பேர் பாடி வாசிக்கிறார்கள் என்றால் பாட நாலு, வாசிக்க நாலு என்று எட்டு மைக் கணக்குப் பண்ணித்தான் ஒன்பதாயிரம் கேட்டிருந்தேன். விசேஷத்தன்று பிற்பகல் எட்டு ஸ்டாண்டையும் மேடையில் வரிசையாக நிறுத்தி முடித்தபோது முதலாளி மகன் உள்ளே வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் மாண்டலின். அவன் பின்னால் அந்த மூன்று பேர். தாடிக்காரர் கையில் இருந்தது எனக்குப் புதிது. கஞ்சிராவைப் பெரிதாக்கி அதற்கு நீளமாகக் கழுத்து வைத்துக் கம்பி கட்டினால் எப்படி இருக்கும், அப்படி. பாஞ்சோ என்றார்கள்.

"அண்ணாச்சி, இத எல்லாம் எடுத்துருங்க. ஒரு மைக் போதும்."

"ஆளுக்கு ஒண்ணா தம்பி?"

"இல்ல. நாலு பேருக்கும் சேத்து ஒண்ணு. அதையும் நாங்க கொண்டாந்திருக்கோம்."

மேடைக்குக் கீழே நின்ற மேனேஜருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னவே, உம்ம பொழப்புல மண்ணு விழுந்துட்டா? ஸ்டாண்ட வேணும்னா துணி காயப்போட வச்சுக்கிடும்."

முதலில் தோன்றியது வாடகைதான். ஒத்த மைக் என்று சொல்லி ஒன்பதாயிரத்தை மூவாயிரமாக்கப் போகிறார்கள். அப்புறம் வேறொன்று தோன்றியது. சத்தம் சரியாக வராது, வராவிட்டால் பழி செட்டுக்காரன் மேல்தான் விழும், அதைச் சாக்காக வைத்து மேனேஜர் அந்த டி.ஜே.க்காரனைக் கொண்டுவந்துவிடுவார். மேனேஜரும் அவனும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒன்றாக நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

மகன் பொறுமையாகத்தான் சொன்னான். "அமெரிக்காவுல மலைப்பக்கத்துல அந்தக் காலத்துல வீட்டுக்கு வீடு வாசிச்ச பாட்டுங்க, அண்ணாச்சி. நாங்க அதோட இந்தக் காலத்துத் தாளத்தையும் கலந்து வாசிக்கோம். மொத மொத ரேடியோவுல வாசிக்கும்போது ஒத்த மைக்கச் சுத்தித்தான் நிப்பாங்க. பாடுதவன் முன்னால வருவான். மத்தவன் பின்னால போவான். பாஞ்சோ சத்தம் கூட, அதனால தள்ளி நிக்கும். நாங்க காலாலதான் வால்யூம் வைப்போம்."

"பழசா புதுசான்னு தெளிவாச் சொல்லிருங்க தம்பி. அதுக்குத் தக்கன எக்கோ வைக்கணும்."

"எக்கோவே வேண்டாம்."

எக்கோ வேண்டாம் என்று சொன்ன ஆளை என் தொழிலில் அன்றுதான் பார்க்கிறேன். கோயில் கொடைத் திருவிழாவில் கணக்கு வாசிக்கிறவர்கூட எக்கோ கேட்பார்.

அவர்கள் கொண்டுவந்த மைக் சப்பாத்தி உருட்டுகிற கட்டை மாதிரி தடியாக இருந்தது. அதற்கு மிக்சரிலிருந்தே கரண்டு போக வேண்டுமாம். மிக்சரில் ஒரு சிவப்புப் பட்டன் உண்டு. எனக்கு விற்றவர், இதை அமுக்கினால் சாதா மைக் எல்லாம் கருகிவிடும் என்று சொல்லியிருந்தார். வாங்கின அன்றே அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன். எட்டு வருஷமாக ஒட்டியபடி இருக்கிறது. அந்த டேப்பை உரிக்கச் சொன்னான் மகன். என் கை வரவில்லை. என் மனைவி நகத்தால் கிள்ளி உரித்துப் பட்டனை அமுக்கினாள். ஒன்றும் கருகவில்லை. வயலின்காரப் பெண் மைக் முன்னால் விரல் சொடுக்கினாள். மண்டபத்தின் கடைசி வரிசையில் யாரோ சொடுக்கினமாதிரி கேட்டது.

"நல்லாத்தான கேக்கு?" என்றாள் என் மனைவி.

"ஆள் இல்லாத மண்டபத்துல கேக்கும். முந்நூறு பேரு உக்காந்து பேசும்போது கேக்கணும்லா? ஏட்டி, இவங்க என்ன விசாவுல வந்திருக்காங்கன்னு தெரியுமா? நாளைக்குப் போலீசு வந்து, வெள்ளைக்காரனுக்கு மைக்கு குடுத்தது யாருன்னு கேட்டா?"

"மைக்கே அவங்களதுதான. ஒயருதான் நம்மளது. ஒயருக்கு என்ன கேசு போடுவான்?"

அவள் ஒயரை இழுத்துக்கொண்டு பாக்ஸ் பக்கம் போய்விட்டாள். எனக்கு மனசு ஆறவில்லை. அந்த ஒத்த மைக் நடுவில் நின்றுபோனால் என்ன செய்வேன் என்பதே சுற்றிச் சுற்றி வந்தது. மேடையின் இடது ஓரத்தில் ஆள் உயரக் குத்துவிளக்கு வைத்திருந்தார்கள். அதன் அடியைச் சுற்றிச் செவ்வந்தியும் மரிக்கொழுந்தும் மேடு மாதிரி குவித்திருந்தது. தாடிக்காரர் கம்பியை முறுக்கிச் சுதி சேர்த்துக்கொண்டிருந்தார். மகனும் மற்ற இரண்டு பேரும் அவரைப் பார்த்து நின்றார்கள். மேனேஜர் வாசலில் நின்றார். முதலாளி மேடையில் போட்டிருந்த பெரிய நாற்காலியில் உட்கார்ந்து காதில் போனை வைத்து யாரிடமோ நூல் விலை பேசிக்கொண்டிருந்தார்.

என் மைக் ஒன்றை எடுத்தேன். பூமேட்டுக்குள் கையை விட்டு அதை உள்ளே செருகினேன். ஒயரைச் சிவப்புக் கம்பளத்துக்கு அடியில் ஓடவிட்டு மிக்சரில் ஓரமாகச் சொருகினேன். வால்யூமைக் கீழே இறக்கி வைத்தேன். தேவைப்பட்டால் மட்டும் ஏற்றலாம். யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை.

ஆறு மணிக்குக் கூட்டம் வந்துவிட்டது. மாலையும் கழுத்துமாக முதலாளியும் அவர் வீட்டம்மாவும் பெரிய நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நாலு பேரும் அந்த மைக்கைச் சுற்றி, குளிர் காய்கிறவர்கள் மாதிரி நெருங்கி நின்றார்கள். அந்த உயரமான ஆள் பூட்ஸ் காலால் தரையில் நாலு தட்டுத் தட்டினார். ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் இதைச் சந்தேகத்தோடுதான் கேட்டேன். ஆனாலும் பார்த்ததைச் சொல்ல வேண்டும். பாடுகிறவர் முன்னால் வருவார். வயலின் வாசிக்க வேண்டிய இடம் வந்தால் அவர் தோளைச் சாய்த்து வழி விடுவார், அந்தப் பெண் உள்ளே நுழைவாள். மாண்டலின் வரும்போது அவள் குனிந்து பின்னால் போவாள். நெரிசலான டவுன் பஸ்ஸில் கண்டக்டர் புகுந்து புறப்படுகிறமாதிரி, ஒருவர் மேல் ஒருவர் படாமல் போய் வந்தார்கள். யார் முன்னால் வந்தாலும் அவர் சத்தம் மட்டும் எழுந்து நின்றது, மற்றது அடங்கியது. மிக்சரில் என் கைக்கு வேலையே இல்லை.

பாஞ்சோ விடாமல் ஓடியது. என் மனைவி காதோரம் வந்து, "தறிச் சத்தத்துல யாரோ பாட்டுக் கட்டின மாதிரில்லா இருக்கு" என்றாள். தறி வேலைக்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அவர்கள் கால்கள் தானாக ஆடத் தொடங்கியிருந்தன. வயலின் பழைய ஒப்பாரி மாதிரி இழுத்துக்கொண்டே போய், திடீரென்று பஸ்ஸில் போடுகிற இந்தக் காலத்துப் பாட்டின் தாளத்துக்குள் குதித்தது. சின்னப் பையன்கள் விசில் அடித்தார்கள்.

மூன்றாவது பாட்டின்போது கடைசி வரிசையில் ஒரு பெரியவர் கையைக் காதில் வைத்தார். சாப்பாட்டுக் கூடத்துக் கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் பின்னால் கேட்கவில்லை போல. மேனேஜர் என்னைப் பார்த்து, ஏற்று ஏற்று என்று கையைக் காட்டினார். அவர்களுடைய மைக்கை ஏற்றப் பயம். என்னுடையதைப் பற்றித்தான் எனக்குத் தெரியும். பூவுக்குள் இருந்த மைக்கின் வால்யூமை மெல்ல ஏற்றினேன்.

சத்தம் கூடியது. பெரியவர் கையை இறக்கினார். நான் மூச்சு விட்டேன்.

அப்போது மகன் தனியாகப் பாட முன்னால் வந்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என்று தமிழில் சொல்லிவிட்டு ஆரம்பித்தான். தாடிக்காரர் தன் வழக்கப்படி தள்ளி நிற்பதற்காக இடது பக்கம் இரண்டு அடி பின்னால் வைத்தார். குத்துவிளக்குப் பக்கமாக. பாஞ்சோவின் தோல் முகம் நேராகப் பூவைப் பார்த்தது. பாக்ஸ் சத்தம் அந்தத் தோலில் பட்டு என் மைக்குக்கே திரும்பியது.

கரிவலம்வந்தநல்லூரில் கேட்ட அதே ஊளை. அதைவிடப் பெரிது. முதலாளி வீட்டம்மா காதைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார். குழந்தைகள் அழுதன. நான் பதறிப்போய் எல்லா வால்யூமையும் ஒன்றாகக் கீழே இழுத்தேன். அவர்கள் மைக்கும் செத்தது. மண்டபமே அமைதியானது.

வயலின்காரப் பெண் மற்றவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நாலு பேரும் மேடையிலிருந்து இறங்கினார்கள். நாற்காலிகளுக்கு நடுவில் வந்து நின்று, விட்ட இடத்திலிருந்து வாசித்தார்கள். மைக் இல்லை, பாக்ஸ் இல்லை. கூட்டம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுற்றி உட்கார்ந்தது. கையைக் காதில் வைத்த அந்தப் பெரியவர் எழுந்து வந்து பாஞ்சோக்காரருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அரை மணி நேரம் அப்படியே நடந்தது. நான் மிக்சருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

முதலாளியைப் பார்த்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதை அப்போது எனக்கு நல்லதாக எடுத்துக்கொண்டேன்.

கோபத்தை மகன்மேல்தான் காட்டினார். கூட்டம் சாப்பிடப் போன பிறகு மேடையில் வைத்தே கேட்டார். "ஒத்த மைக்க வச்சுக்கிட்டு, உள்ள வேலையையும் விட்டுட்டு, ஊர் ஊராப் போயி வாசிக்கப் போறேன்னு சொன்னியேலே? சொந்த ஊர்ல அரை மணி நேரம் தாங்கல. அங்கன போயி என்னத்தக் கிழிக்கப் போற?"

அவன் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் இந்தக் கூட்டத்தோடு போகப் போகிறான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். அவன் நேராக என்னிடம் வந்தான்.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. எங்க மைக்குதான் ஏதோ பண்ணிட்டு போல. அத வாங்குனது, பாத்துக்கிடுதது எல்லாம் நான்தான். உங்க செட்டுக்குக் கெட்ட பேரு வந்துரக் கூடாது. யாரு கேட்டாலும் நான் சொல்லிக்கிடுதேன்."

நான் என்ன சொன்னேன்? "பரவாயில்ல தம்பி" என்று சொன்னேன்.

செட்டைப் பிரிக்கும்போது ஒன்று நடந்தது. வயலின்காரப் பெண் பெட்டியை மூட ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கம்பளத்தின் விளிம்பில் என் ஒயர் தெரிந்திருக்கிறது. இழுத்தாள். பூவெல்லாம் சிதறி மைக் வெளியே வந்தது. அதைப் பார்த்தாள், பாஞ்சோக்காரர் நின்ற இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அவள் பாஷை தெரியாது. ஒயரை முறுக்கு விழாமல், தொழில் தெரிந்தவர்கள் சுற்றுகிறமாதிரி அழகாகச் சுற்றி, மைக்கோடு என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் அவர்கள் மதுரைக்கு வேன் ஏறிவிட்டார்கள்.

அதிலிருந்துதான் அந்த எட்டுப் பேர் கணக்கு. வயலின்காரப் பெண் முதலாளி மகனிடம் சொல்லியிருப்பாள். மகன் அப்பாவிடம் சொல்லியிருப்பான். இல்லையென்றால் மேனேஜர் வாசலில் நின்றபடியே பார்த்திருப்பார்; பார்த்துவிட்டுத்தான் ஏற்று ஏற்று என்று கையைக் காட்டினாரோ? பாக்கி ஆறாயிரத்து ஐந்நூறை வாங்கப் போகவில்லை. போனால் முதலாளி, எந்த மைக்குக்கு வாடகை என்று கேட்டுவிட்டால்? இரண்டு வாரம் கழித்து என் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அவள், "அந்தப் பையன் உங்ககிட்ட மன்னிப்பு கேட்டானே" என்று மட்டும் சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டில் மேனேஜரைப் பார்த்தபோது அவராகவே சொன்னார். "மொதலாளிக்கு இப்பந்தான் நிம்மதி. மவன் வேலைய விடுததப் பத்தி ரொம்ப யோசிக்கானாம். மைக்கு தப்புன்னு அவனுக்கு மனசு ஒடிஞ்சு போச்சாம். ஒரு மாசத்துக்குள்ள முடிவச் சொல்லணுமாம்." அப்புறம் என் தோளைத் தட்டி, "பாக்கி வாங்கலியா வே? காசு கூடிப் போச்சா?" என்றார்.

புரட்டாசி கடைசியில் என் மனைவி என்னைச் சட்டையைப் போட வைத்து அனுப்பினாள். பாக்கியைக் கேள், உண்மையையும் சொல் என்றாள். தறிக்கூடத்தை ஒட்டின ஆபீஸ் அறையில் முதலாளி இருந்தார். கதவைச் சாத்தியதும் தறிச் சத்தம் பாதி அடங்கியது. நான் ஆரம்பிக்கும் முன்பே அவர் சொன்னார்.

"நீரு பூவுக்குள்ள கைய விடும்போதே நான் பாத்துட்டேன், வே."

"போன் பேசிக்கிட்டுல்லா இருந்தீங்க, அண்ணாச்சி?"

"போன் காதுலதான இருந்துச்சு. கண்ணுல இல்லையே."

"அப்பமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எடுத்திருப்பேனே."

"எடுத்திருப்பீரு. அதான் சொல்லல. ஏதாவது கோளாறு ஆனா ஆகட்டும்னு இருந்தேன். என்னமோ கடவுள் புண்ணியத்துல ஆச்சு."

மேஜையில் இருந்த நூல் கண்டை உருட்டிக்கொண்டே பேசினார். குரலில் கோபமே இல்லை, பிரியமாகத்தான் பேசினார். "எனக்கு ஒத்த மவன். பன்னெண்டு வருசம் வேல பாத்துட்டு, இப்ப தாடிக்காரங்கூட வேன்ல சுத்தப் போறேன்னு சொன்னா எப்படிவே தாங்கும்? அவனுக்கு அது மைக்குக் கோளாறாவே இருந்துட்டுப் போட்டும். தை பொறந்ததும் மண்டபம் உம்ம செட்டுதான். பாக்கியையும் அன்னிக்கே சேத்து வாங்கிக்கிடும். அவன்கிட்ட மட்டும் நீரு பேச்சு வச்சுக்கிட வேண்டாம்."

வெளியே வந்தபோது எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. மண்டபம் கிடைத்துவிட்டது. ஏழு பேரில் பார்த்தவர் யார் என்று தெரிந்துவிட்டது. மேனேஜரைச் சந்தேகப்பட்டேன், டி.ஜே.க்காரனைச் சந்தேகப்பட்டேன், கடல் தாண்டி வந்த மூன்று பேரைச் சந்தேகப்பட்டேன். எனக்கு நாலு அடி தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே அந்தச் சந்தோஷம் போய்விட்டது. முதலாளி பார்த்தார் சரி. அந்த வயலின்காரப் பெண்ணும் பார்த்தாளே. அவள் மகனிடம் எப்போதோ சொல்லியிருந்தால்? அவன் எல்லாம் தெரிந்துகொண்டே, இந்த ஆள் எப்போது வாயைத் திறப்பான் என்று காத்துக்கொண்டிருந்தால்?

"அவன்கிட்ட நீங்களே சொல்லிருங்க. இல்லாட்டா தை வரைக்கும் இத நெனச்சே எளச்சுப் போவீங்க" என்றாள் மனைவி.

"மண்டபம் போயிரும், ஏட்டி."

"போனா போவுது. அவன் நம்பரு எங்கிட்ட இருக்கு. கச்சேரி அன்னைக்கு அந்த மைக்கு படத்த எம் போனுக்கு அனுப்புனானே."

"நீ என்ன இவ்வளவு லேசாச் சொல்லுத?"

"லேசாச் சொல்லல. எனக்கும் கணக்குத் தெரியும்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவளே போட்டுக் கொடுத்தாள். அங்கே சாயந்திரம் கழிந்திருக்கும். மகன் உடனே எடுத்தான். நான் ஒரே மூச்சில் சொன்னேன். பூவுக்குள் மைக் வைத்தது, ஏற்றியது, ஊளையிட்டது என் மைக், அவனுடையதில் ஒரு குற்றமும் இல்லை.

அவன் கேட்டான். "எந்த எடத்துல வச்சீங்க, அண்ணாச்சி?"

"குத்துவிளக்குக்கு அடியில."

"பாஞ்சோ பின்னால வந்ததும்... ஆமா. அதான்." தனக்குள் பேசுகிறமாதிரி சொன்னான். "நான் இங்க வந்து அந்த மைக்க மூணு தடவ பிரிச்சுப் பாத்துட்டேன்."

"உங்ககூட வாசிக்குதாங்களே, அந்த வயலின் பொண்ணு... அவங்க சொல்லலியா தம்பி?"

"இல்லையே. அவளுக்குத் தெரியுமா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்த வயலின்காரப் பெண் சொல்லவே இல்லை. ஒன்றரை மாசம் நான் பயந்தது வீண். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கடைசிவரை யாருக்கும் தெரிந்திருக்காது. இது முன்பே தெரிந்திருந்தால் போன் போட்டிருப்பேனா என்று கேட்டால், போட்டிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

மகன் அடுத்ததைக் கேட்டான். "அப்பாவுக்கு இது தெரியுமா?"

அங்கேதான் நான் நின்றேன். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மண்டபம் எனக்குத்தான். என் தப்பை ஒப்புக்கொண்டாயிற்று, அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு பொய்யை மறைத்து வைத்துக்கொண்டு ஒன்றரை மாசம் நான் பட்டது போதும் என்று இருந்தது. இன்னொன்றைச் சுமக்க என் உடம்பில் தெம்பு இல்லை.

"தெரியும் தம்பி. மொதல்லயே தெரியும்."

"சரி, அண்ணாச்சி" என்றான். "உங்களுக்கு வாடகை பாக்கி ஏதும் உண்டா? நான் அனுப்பிருதேன்."

"வேண்டாம் தம்பி. வாடகை பேசுனது உங்க அப்பா. அவருதான் தரணும்."

அப்பாவும் மகனும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. தை முதல் முகூர்த்தத்தில் மண்டபத்து வாசலில் ராஜபாளையம் ரோட்டு டி.ஜே.க்காரன் வேன் நின்றது. முதலாளி வழியில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறார். மேனேஜர்கூட இப்போது என்னைக் கேலி பண்ணுவதில்லை. அது எதனால் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாசம் மனைவியின் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. எந்த ஊரோ, ஒரு மரக் கொட்டகை. நடுவில் அந்தத் தடி மைக். அவள் விரலை வைத்து எண்ணிப் பார்த்தாள்.

"நாலு பேரும் இருக்காங்க" என்றாள். பிறகு கணக்கு நோட்டை எடுத்து, அறுபதாம் கல்யாணம் என்று எழுதியிருந்த வரியைக் காட்டி, "இத அடிச்சுரவா?" என்று கேட்டாள்.

அடிக்க வேண்டாம் என்றேன். அது அப்படியே இருக்கிறது. பாக்கி ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.